மஞ்சள் தாளா, நீலத் தாளா?

ஊரார் மனசை இரண்டாகப் பிரித்து, இது பயம், இது சோர்வு என்று எழுதிக் கொடுக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்கியவள் நான். கேட்க ஏதோ பெரிய வித்தை மாதிரி இருக்கும். உண்மையில் கையில் இரண்டு தாள், ஒரு பேனா, எதிரே ஒரு ஸ்டூல், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு மனநல டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மனசு ரொம்பப் பயந்து கிடந்தாலும் தூக்கம் போகும், ரொம்பச் சோர்ந்து கிடந்தாலும் தூக்கம் போகும். இரண்டிலும் சோறு இறங்காது, நெஞ்சை அடைக்கும். ஆனால் அதற்கு ஒரு மாத்திரை, இதற்கு வேறு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் ஆள் தேறமாட்டார். அதனால் டாக்டர் கேள்விகள் எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்து வைத்திருந்தார். மஞ்சள் தாளில் பயத்துக்கான கேள்விகள். நீலத் தாளில் சோர்வுக்கான கேள்விகள். வந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே 'இல்லை, கொஞ்சம், நிறைய, எப்போதும்' என்று நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். படித்தவர்கள் தாங்களே குறித்துக் கொடுப்பார்கள். படிக்காதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வேன். எங்களிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் படிக்காதவர்கள்தான்.

என் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. எங்கள் வீட்டுக்காரருக்குத் திருச்செங்கோடு. பங்காளிகளோடு சேர்ந்து, ஆழ்குழாய்க் கிணறு தோண்ட போர் போடுகிற ரிக் லாரி ஒன்றை வாங்கிக்கொண்டு மத்தியப் பிரதேசம் போயிருந்தார். "ஒரே ஒரு சீசன். அப்புறம் பங்கைக் கொடுத்துட்டு சேலத்திலயே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். சீசன் மேல் சீசன் போய்க்கொண்டிருந்தது, கடைதான் வந்தபாடில்லை. நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பகலெல்லாம் பிறத்தியார் மனசை விசாரித்துவிட்டு, சாயங்காலம் என் மனசைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவேன். கேள்வி கேட்டே பிழைத்தவர்களும், யாருக்காகவோ வாசலைப் பார்த்தே பொழுதைப் போக்கியவர்களும் என் கூட்டம். அப்படி யாராவது இதைப் படித்தால், நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும்.

கேள்விக்கு முன்னால்

டாக்டர் வெளிநாட்டில் படித்தவர். அந்தக் குற்றம் தீரட்டும் என்றோ என்னவோ, கேள்விகளை மேடைத் தமிழில் எழுதியிருந்தார். "இனம்புரியாத அச்சம் தங்களை ஆட்கொள்வதுண்டா?" "வாழ்வின் இன்பங்கள் தங்களை ஈர்க்கத் தவறுகின்றனவா?" இப்படி இரண்டு தாள் நிறைய. இதை யார் வாய்விட்டுப் படித்தாலும் தொண்டையைக் கனைத்துக்கொள்ளத் தோன்றும்.

முதன்முதலில் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவர் எருமப்பட்டிப் பக்கத்து விவசாயி. உட்கார்ந்தார் என்பதுகூடத் தப்பு. நான் மஞ்சள் தாளை எடுத்ததுமே எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கட்டி நின்றார். ஒவ்வொரு கேள்விக்கும் தலையை மெதுவாக ஆட்டினார். ஆட்டிய ஆட்டத்துக்கு நானும் 'எப்போதும்' என்று குறித்துக்கொண்டே போனேன். மனுஷருக்கு இவ்வளவு பயமும் இவ்வளவு சோர்வுமா என்று எனக்கே பகீரென்றது. நீலத் தாளும் முடிந்தது. துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து, திருப்தியாகச் சொன்னார்:

"நல்லா வாசிச்சீங்க அம்மணி, கோயல்ல கேக்கறாப்பலயே இருந்துச்சுங்க. இனி என்ற ஒடம்புக்கு என்னன்னு கேளுங்க."

கெங்கவல்லி பஸ்

அன்றைக்கே டாக்டரிடம் சண்டை போட்டு, கேள்விகளை எல்லாம் நம் பேச்சுக்கு மாற்றினேன். "காரணமில்லாமப் பயமா வருதுங்களா?" "முன்னால புடிச்சதெல்லாம் இப்பப் புடிக்காமப் போயிருச்சுங்களா?" கேள்வி புரிந்ததும் எல்லோரும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள், நோயாளியைத் தவிர.

கெங்கவல்லியிலிருந்து திருச்செங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு சின்னப் பெண்ணை, மாமியார், மாமனார், புருஷன், சின்ன மாமனார் என்று ஒரு வண்டி ஜனம் கூட்டிக்கொண்டு வந்தது. "சோறு எறங்குதா கண்ணு?" என்று நான் கேட்டால், "நல்லா உங்கறாளுங்க" என்கிறார் மாமியார். "அழுகை வருதா?" என்றால், "அவ எதுக்குங்க அழுகறா? என்ன கொறை வெச்சிருக்கறோம் அவளுக்கு?" என்கிறார் மாமனார். புருஷன் மட்டும் பாவம், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "உடம்புக்கு முடியாதது இவளுக்கா, உங்க நாலு பேருக்குமா?" என்று கேட்டு, எல்லோரையும் எதிரே இருந்த காபிக் கடைக்கு விரட்டினேன்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள். மஞ்சள் தாளுக்கும் 'இல்லக்கா', நீலத் தாளுக்கும் 'இல்லக்கா'. பிறகு எதற்கு ராப்பகலாய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாயாம் என்று கேட்டேன். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பஸ் ஸ்டாண்டு வழியாதான திரும்பிப் போவோம்? கெங்கவல்லி பஸ்ஸு நிக்கிற எடத்துல ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க. போர்ட மட்டும் பாத்துட்டுப் போயிடுறேன்."

இரண்டாவது தாள்

அந்தப் பெண்ணை, டாக்டர் உத்தரவு என்று சொல்லி, அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். ஜவுளிக்கடை பாயை அப்படி எங்கேயும் அனுப்ப முடியவில்லை. சேலம் கடைவீதியில் நல்ல வியாபாரம் அவருக்கு. நெஞ்சு படபடக்கிறது என்று எல்லா டாக்டரையும் பார்த்துவிட்டு, கடைசியாக எங்களிடம் வந்தார். பதில் சொல்வதிலும் வியாபாரம்தான். "கொஞ்சமா பாய், நிறையவா?" என்றால், "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்" என்பார்.

கூட்டிப் பார்த்தால் மஞ்சளும் நீலமும் சமமாக வந்து நின்றன. டாக்டருக்கு எரிச்சல். மறுபடி கேள் என்று அனுப்பினார். மறுபடி கேட்டேன், மறுபடி அதே சமம். "பாய், ஏதாவது ஒரு பக்கம் சாயுங்களேன்" என்று கெஞ்சினேன். அவருடைய ஒரே மகன் சவுதிக்குப் போயிருந்தான். கடைக்குப் போன் பண்ணுவான், எப்போது என்று சொல்ல முடியாது. துணியை முழம் போட்டுக் காட்டுகிற மாதிரி, இரண்டு கையையும் விரித்து எனக்குப் பொறுமையாக விளக்கினார்:

"போன் மணி அடிக்குது பாருங்க, எடுக்கற வரைக்கும் உங்க மஞ்சத் தாளும்மா. எடுத்து, அது அவன் இல்லன்னு ஆயிப்போச்சுன்னா, அப்புறம் கடை சாத்தற வரைக்கும் அந்த ரெண்டாவது தாளு."

நடுவில் ஒரு வீடு

நாமக்கல்லில் இருந்து ஒரு லாரி டிரைவர். கூட்டிக்கொண்டு வந்தது அவர் மனைவி. வண்டியை விட்டு வீட்டுக்கு வந்தால் மனுஷர் தூங்குவதில்லையாம், கூண்டில் அடைத்த மாதிரி நடக்கிறாராம். "சும்மா உக்காந்திருக்க முடியறதில்லைங்களா?" என்று மஞ்சள் தாளில் இருந்ததைக் கேட்டேன். "உக்காந்தேதானுங்க நம்ம பொழப்பு" என்றார். மாற்று டிரைவர் வண்டியை ஓட்டினால், இவர் கிளீனர் சீட்டில் சாய்ந்த அடுத்த நிமிஷம் குறட்டை. வீட்டில் கட்டில், தலையணை, ஃபேன் எல்லாம் இருந்தும் இஞ்சின் சத்தம் இல்லாமல் கண் மூட முடியவில்லையாம்.

அதற்கப்புறம் நான் கேட்டது எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி. எனக்காகக் கேட்டது. "ரோட்ல இருக்கறப்ப ஊட்டு நெனப்பு வருமுங்களா?" என்றேன். கேட்டதும் அவர் மனைவியும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பொம்பளைகளும் அந்த மனுஷர் வாயையே பார்த்தோம். அவர் கையில் இருந்த வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"ரோட்ல இருந்தா ஊட்டு நெனப்பு, ஊட்ல இருந்தா ரோட்டு நெனப்புங்க. நடுவால எங்கயாச்சும் ஒரு ஊடு கட்டிக் குடுத்தீங்கன்னா நாங்க ரெண்டு பேரும் போயி இருந்துக்குவமுங்க."

அங்க பேயோணும்

மாதம் ஒரு முறை திருச்செங்கோட்டில் முகாம் போடுவோம். ஒரு அரிசி மில்காரர் குடோனைக் கொடுத்திருந்தார். தவிட்டு வாசனைக்கு நடுவே பெஞ்சு போட்டு உட்கார்ந்தால், வருகிறவர்களில் பாதிப் பேர் ரிக் வீட்டுப் பெண்கள். புருஷன் ஆந்திராவில், மகன் ஒரிசாவில், கொழுந்தன் மத்தியப் பிரதேசத்தில். எல்லோருக்கும் படபடப்பு, திடுக்கிடல், தூக்கமின்மை.

ரிக் லாரி எப்போது ஊர் திரும்பும் என்று தெரியுமா உங்களுக்கு? வடக்கே மழை பிடித்தால்தான். காடெல்லாம் சேறானால் அத்தனை கனமான வண்டி உள்ளே இறங்காது. கொண்டுவந்து ஊரில் நிறுத்தி, பழுது பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அதனால் திருச்செங்கோட்டில் ஊரே இங்கே மழை வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, இந்தப் பெண்கள் மட்டும் ரேடியோவில் டெல்லிச் செய்தி கேட்பார்கள். மந்திரி யார், சண்டை எங்கே என்பதெல்லாம் வேண்டாம். கடைசியில் வருகிற வானிலைதான் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் பலத்த மழை என்று காதில் விழுந்தால் அன்றைக்குச் சாயங்காலமே வீடு மெழுகி, தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொள்வார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டை அறையில் எனக்கும் ஒரு ரேடியோ இருந்தது.

இந்தப் பெண்களைக் கேட்டால் மஞ்சள் தாள் நிரம்பி வழியும். நீலத் தாள் சுத்தம். 'இனி நல்லது ஒண்ணும் வராதுன்னு தோணுதா?' இல்லீங்க. 'எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு இருக்குதா?' இல்லவே இல்லீங்க. டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கலப்படமே இல்லாத பயம்!" என்று எல்லாருக்கும் பயத்துக்கான மாத்திரையே எழுதினார். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது பழகுவதற்காக நானே இரண்டு தாளையும் எனக்காகக் குறித்துப் பார்த்திருந்தேன். எனக்கும் அப்படித்தான், மஞ்சள் நிறைய, நீலம் சுத்தம். சோர்வு என்பது நம்மை அண்டாது என்று கொஞ்சம் பெருமைகூட. அன்றைக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்து, குடோன் தகரத்தின் மேல் நாலு தூறல் விழுந்தது. "மழை வருது, சந்தோஷமா?" என்றேன், வரிசையில் முதலில் நின்ற பெண்ணிடம்.

"இங்க பேஞ்சா வெள்ளாமைக்காரருக்கு ஆச்சுங்க அம்மணி. எங்குளுக்கு அங்க பேயோணும்."

பாவாயி

பாவாயி அந்த வரிசையில் வந்தவள்தான். முப்பது வயசு இருக்கும். புருஷன் ரிக்கில் துளை போடுகிற டிரில்லர். போன வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போனவர், அதற்கப்புறம் ஆளும் இல்லை, சேதியும் இல்லை. கூடப் போனவர்கள் அவர் வேறு வண்டிக்கு மாறிவிட்டார் என்றார்கள். எந்த வண்டி, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. பாவாயிக்கும் மஞ்சள் நிறைய, நீலம் சுத்தம். பயத்துக்கான மாத்திரை வாங்கிக்கொண்டு, "வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த முகாமுக்கு அவளை நங்கையாள், அதாவது புருஷனுடைய அக்கா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை வாரி எத்தனை நாளோ. "மாத்தரை தின்னுட்டு எந்நேரமும் கட்டல்லயே கெடக்கறாளுங்க. முந்தாநேத்து பாத்தா, சொல்லாமக் கொள்ளாமப் போயி கெணத்து மேட்ல உக்காந்திருக்கறா. நாந்தான் போயிக் கூட்டியாந்தனுங்க" என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்தது. நீலத் தாளுக்கு 'இல்லீங்க, இல்லீங்க' என்று பதில் சொன்னவளா கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தவள்?

நீலத் தாளை எடுத்து மறுபடி கேட்டேன். 'இனி நல்லது ஒண்ணும் வராதுன்னு தோணுதா?' "இல்லீங்க." எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தாளைப் பெஞ்சில் போட்டுவிட்டு, "பாவாயி, என்னைப் பாரு. நிசத்தைச் சொல்லு. எனக்கும் ஒரு ரிக் வண்டி வடக்கே நிக்குது" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியாமலா ஒருத்தி எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்கிற பார்வை.

"ஏனுங்க அம்மணி, அவுரு அத்தனை தொலவுல இருக்கறப்ப, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு என்ற வாய்ல ஆமாம் போடலாமுங்களா? சொன்னாப் பலிச்சுப் போயிருமல்லங்க."

பக்கத்து வீட்டுக்காரி

தெரியாமல் என்ன? வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்னவரை, 'வாரேன்னு சொல்லுங்க' என்று திருத்தி அனுப்பியவள்தானே நானும். ஆள் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட 'இல்லை' என்று சொல்லமாட்டோம். அப்படிப்பட்ட ஊரில் நாங்கள் ஒரு தாளை நீட்டி, 'எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு இருக்குதா, வாய்விட்டுச் சொல்லு' என்று கேட்டிருக்கிறோம். புருஷன் உயிரோடு விளையாடுகிற கேள்விக்கு எந்தப் பொம்பளை ஆமாம் போடுவாள்? குடோனில் வரிசையாக வந்த அத்தனை 'இல்லீங்க'வும் எனக்குக் காதில் திரும்ப ஒலித்தது.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். "சரி, உன்னை உடு. உன்ற பக்கத்து ஊட்ல ஒருத்தி இருக்கறான்னு வெச்சுக்குவோம். அவ புருசனும் இப்படித்தான் போயிட்டு இன்னும் வரலை. அவளுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அந்தத் தெருவில் பாவாயி வீட்டுக்குப் பக்கத்தில் வீடே கிடையாது, ஒரு பக்கம் களம், ஒரு பக்கம் வேலி. அது நங்கையாளுக்குத் தெரியும். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பாவாயி பேச ஆரம்பித்தாள். அவளுக்குங்க, விடியறதே புடிக்கறதில்லைங்க. அடுப்புப் பத்த வெச்சா, யாருக்குன்னு இருக்குதுங்க. அவரு சட்டை ஒண்ணு கொடியில கெடக்குது, அதைத் துவைக்க மனசில்லைங்க, துவைச்சா வாசம் போயிரும். செத்துப் போயிட்டாத் தேவலைன்னு இருக்குதுங்க அவளுக்கு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், ஊர்ச் செய்தி சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னாள். நான் நீலத் தாளைத் திருப்பாமலே மனசுக்குள் குறித்துக்கொண்டேன், எல்லாமே 'எப்போதும்'. சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்:

"அவளுக்கு மாத்தரை இருக்குதுங்களா அம்மணி? இருந்தாக் குடுங்க, நாங் கொண்டு போயி அவகிட்டக் குடுத்தர்றன்."

சீட்டு

டாக்டரிடம் ஓடினேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான் இந்தத் தாளுக்கு உயிர், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதை எந்த ஊரில் ஏற்பார்கள் என்றார். "இந்த ஊரில்" என்றேன். முறைத்தார். ஆனால் மனுஷர் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. எழுந்து போய் பாவாயியின் எதிரே உட்கார்ந்து, நோய் என்று ஒரு வார்த்தை பேசாமல், கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கிறது, விடிகாலையில் எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று மட்டும் விசாரித்தார். நங்கையாளைக் கூப்பிட்டு, இவளைத் தனியாக விடக்கூடாது, கூடவே படுக்க வேண்டும், மாத்திரையை நீங்கள்தான் கையில் வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்றார். பழைய மாத்திரையை நிறுத்தினார். சோர்வுக்கான மாத்திரையை எழுதி, சீட்டை என்னிடம் நீட்டினார்.

"பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதியாச்சு. முழுங்குறது மட்டும் பாவாயியா இருக்கட்டும்."

திருப்பிக் கேட்டவள்

அதற்கப்புறம் ரிக் வீட்டுப் பெண்கள் எல்லோரிடமும் நான் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றித்தான் கேட்டேன். திருச்செங்கோட்டில் அத்தனை சோர்ந்துபோன பக்கத்து வீட்டுக்காரிகள் இருந்தார்கள் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பாவாயி மெல்ல மெல்ல எழுந்தாள். முதலில் தலை வாரினாள், பிறகு களத்தைக் கூட்டினாள், பிறகு நங்கையாளோடு சண்டை போட்டாள். சண்டை போட்டாள் என்று கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்த வருஷம் வைகாசித் தேருக்கு வந்துவிடுகிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். புதுச் சேலை எடுத்து வைத்தேன். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது, இவர் வரவில்லை. டிரங்க் காலில் ஒரு நாள் பேசினார். கரகரவென்ற சத்தத்தில், "வடக்கே இன்னும் மழையே இல்லை, தொழில் நல்லா ஓடுது" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். கடை என்ன ஆச்சு என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அதற்கு மறுநாள் முகாம்.

வரிசை எல்லாம் முடிந்தபின் பாவாயி வந்தாள். எண்ணெய் தேய்த்துத் தலை பின்னியிருந்தாள், மடியில் எனக்குச் சின்ன வெங்காயம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புருஷன் ஒரிசாவில் ஒரு வண்டியில் இருப்பதாகப் பார்த்தவர்கள் சொன்னார்களாம். வருவாரா மாட்டாரா என்று தெரியாது, உயிரோடு இருக்கிறார், அது போதும் என்றாள். "என்ற பக்கத்து ஊட்டுக்காரிக்குப் பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு, நான் எப்போதும் உட்கார்கிற பெஞ்சில் அவள் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு மிச்சம் இருந்தது ஸ்டூல்தான். உட்கார்ந்தேன். "உங்க பக்கத்து ஊட்டுக்காரி எப்படி இருக்கறாங்க அம்மணி?" என்று கேட்டாள்.

செவ்வாய்ப்பேட்டையில் என் பக்கத்து அறையில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். ஆனால் வாய் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்துவிட்டது. அவ நல்லாயில்லை பாவாயி. தெருவில ஒரு லாரி திரும்பினாப் போதும், கையில இருக்கறதைப் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடறா. எடுத்து வெச்ச சேலை பெட்டியிலயே கெடக்குது. ரெண்டு பேருக்கு உலை வெச்சுட்டு, பாதியைக் கொட்டறா. இந்த மனுசன் இனி வந்து கடை வெக்கப் போறதில்லைன்னு அவளுக்குத் தெரியும். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டா. இப்பக் கொஞ்ச நாளா அவர் மொகமே நெனப்புக்கு வரமாட்டேங்குது, குரல் வருது, சட்டை வருது, மொகம் வரமாட்டேங்குது. அதைத்தான் அவளால... இதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. ஊர்ப்பட்ட அழுகையைக் குறித்துவைத்தவள், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். கண்ணீர் வந்தாலே வடக்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்த நேரத்திலும் பயம், சட்டென்று நிறுத்தப் பார்த்தேன். பாவாயி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க அம்மணி, அவிய நல்லா அழுகட்டும் உடுங்க. பக்கத்து ஊட்டுக்காரி அழுதா உங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

ஒரு வழியாக அவர் பங்கைக் கொடுத்துவிட்டு வந்து, சேலத்தில் கடையும் வைத்து, அதை மகனிடம் ஒப்படைத்து, இப்போது என் பக்கத்து நாற்காலியிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்றாலும், செய்தியில் மத்தியப் பிரதேசத்தில் பலத்த மழை என்று கேட்டதும் நான் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வருவதை மஞ்சள் தாளில் சேர்ப்பதா, நீலத் தாளில் சேர்ப்பதா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.